பக்கத்து சீட்

"வேர்வைன்னு நெனச்சேன்னு சொன்னா எவன் நம்புவான்?"

"நான் நம்பறேன் அண்ணி."

"நீ நம்பி என்ன ஆகப் போகுது? நீயே கம்பெனி கேட்டுக்கு வெளிய நிக்கிற ஆளு."

"வெளிய நிக்கிறவ நம்பக் கூடாதுன்னு சட்டமா? அந்த முனைய இறுக்கிப் பிடிங்க, முறுக்கணும்."

மொட்டை மாடியில் இருவரும் ஒரு படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு எதிரெதிராக முறுக்கினார்கள். சிமென்ட் தரையில் விழுந்த தண்ணீர் ஓடத் தொடங்குவதற்குள் காய்ந்துபோனது. மழை பெய்து வெகுநாளாகியிருந்தது. வானம் அடித்து அடித்துத் துவைத்த துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. சுவரில் கையை வைத்தால் சுட்டது.

"கழுத்துக்குப் பின்னாடி ஈரமா இருந்துச்சுடி. தொட்டுப் பாத்தேன். அந்த டப்பாக்குள்ள உக்காந்தா எனக்கு எப்பவும் அங்கதான் வேர்க்கும். துடைச்சிட்டு, சரின்னு கட்டைவிரலக் காட்டிட்டேன். அவங்களும் தண்ணிய நிறுத்திட்டாங்க. கார் போயிடுச்சு."

"அது கூரையிலேர்ந்து எறங்கின தண்ணி."

"இப்பத் தெரியுது. அப்பத் தெரியலையே. தண்ணி என்ன, வந்து பேர் சொல்லிட்டா எறங்கும்?"

அப்படிச் சொன்னவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அண்ணி. மறுமுனையைப் பிடித்திருந்தவள் இந்த வீட்டிலேயே பிறந்த, அவள் கணவனின் தங்கை. சிறிது நாள் முன்பு வரை இருவரும் ஒரே வேனில் ஏறி, ஒரே தொழிற்சாலைக்குப் போய், ஒரே காருக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்து வேலை செய்தவர்கள். இப்போது அண்ணி மட்டும் போகிறாள். அவளும் எத்தனை நாள் போவாள் என்று தெரியவில்லை. அண்ணிக்கு வார விடுமுறை என்பதால் காலையிலிருந்து அதைப் பற்றித்தான் பேச்சு.

அந்தத் தொழிற்சாலையில் செய்வது சின்ன ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். கூரை துணியால் ஆனது. வேண்டும்போது மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். பணக்காரர்கள் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பொருளை மாதச் சம்பளக்காரனும் வாங்குகிற விலைக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்பது கம்பெனியின் பெருமை. ஊரெல்லாம் விளம்பரப் பலகை வைத்திருந்தார்கள். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் முடி பறக்கக் கடலோரம் போய்க்கொண்டிருப்பார்கள். விளம்பரத்தில் எப்போதும் வெயில்தான்.

ஆனால் துணிக்கூரை போட்ட காருக்கு மழையைவிடப் பெரிய எதிரி கிடையாது. அதனால் லைனில் இருந்து இறங்கும் ஒவ்வொரு காரும் கடைசியில் தகரக் கொட்டகை ஒன்றுக்குள் போகும். ஆட்கள் அதை மழை ரூம் என்பார்கள். மேலேயும் பக்கவாட்டிலும் குழாய்கள். கூரையை மூடி, கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காரைச் சங்கிலியில் இழுத்து நிறுத்துவார்கள். உள்ளே சீட்டுக்கு ஒருவராக இரண்டு பேர் இருப்பார்கள். பிறகு தண்ணீரைத் திறந்தால் புயல் மழை தோற்கும். உள்ளே இருப்பவர்கள் வெறுங்கையால், கூரையும் கண்ணாடியும் சேரும் இடத்தில் ஒட்டிய ரப்பர் பீடிங்கை ஓரம் முழுக்கத் தடவிக்கொண்டே வர வேண்டும். உள்ளங்கையிலோ தொடையிலோ பிடரியிலோ ஒரு சொட்டு விழுந்தால் கத்த வேண்டும். ஒன்றும் விழாவிட்டால் கண்ணாடி வழியாகக் கட்டைவிரலைக் காட்ட வேண்டும். இரும்புக்கும் கண்ணாடிக்கும் மெஷின் இருந்தது. துணிக்கு மனிதத் தோல்தான் சரி என்று கம்பெனியே முடிவு செய்திருந்தது.

அண்ணி ஸ்டியரிங் பக்கம். தங்கை பக்கத்து சீட். தங்கைக்குக் குரல் கணீரென்று இருக்கும். ஒரு சொட்டு விழுந்தாலும் கொட்டகை அதிரக் கத்துவாள். அதனால் அவளுக்குத் 'தவளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். தவளை கத்தினால் மழை உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் கோபித்துக்கொண்டாள். பிறகு அண்ணியே வீட்டிலும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்ததும் விட்டுவிட்டாள்.

கல்யாணமாகி வந்த முதல் வருடம் இருவருக்கும் ஆகாது. உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்க வேண்டும் என்பதில் தொடங்கிய சண்டை, ஒருவர் துவைத்த துணியை மற்றவர் கொடியிலிருந்து எடுக்காமல் விடுகிற வரை போனது. மழை ரூமில் ஒன்றாகப் போட்டதும்தான் அது கரைந்தது. தலைக்கு மேல் இரைச்சல், நாலு பக்கமும் தண்ணீர், முட்டி இடிக்கிற இடைவெளி. உதட்டருகே காதைக் கொண்டுபோனால்தான் பேச்சு கேட்கும். அப்படிக் குனிந்து குனிந்து பேசினால் எத்தனை நாளைக்குத்தான் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியும்? அண்ணிக்கு இரண்டாவது முறையும் கரு தங்கவில்லை என்பதை வீட்டில் முதலில் தெரிந்துகொண்டவள் தங்கை. அந்தக் காருக்குள்தான் அண்ணி அதைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை வெளியே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முடிந்ததும் இருவரும் கட்டைவிரலைக் காட்டினார்கள். அடுத்த கார் வந்தது.

அந்தக் காரில் அவர்கள் ஒருநாளும் ஒரு தெரு தூரம்கூடப் போனதில்லை.

இந்த வருடம் புது மாடல் வந்தது. பாதிக் கண்ணை மூடியது மாதிரி விளக்குகள், உள்ளே பெரிய திரை, ஒற்றைக் கையால் மூடக்கூடிய கூரை. இத்தனையும் கூடியும் விலை கூடக் கூடாது என்று மேலே சொல்லிவிட்டார்கள். அதற்காக ஒவ்வொரு பிரிவும் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள். பெயின்ட் பிரிவு ஒரு பூச்சை விட்டுக்கொடுத்தது. கேன்டீன் முட்டையை விட்டுக்கொடுத்தது. மழை ரூம் தங்கையை விட்டுக்கொடுத்தது.

"ரெண்டு சீட்டு காருக்கு ஒரு ஆளாம்" என்றாள் தங்கை அன்றைக்கு, சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றபடி. "நாளைக்கு நாலு சக்கரம் எதுக்கு, மூணு போதும்னு சொல்வாங்க. பாத்துக்கிட்டே இருங்க."

அதற்குப் பிறகு அண்ணி தனியாக உட்கார்ந்தாள். மழையின் பாதி நேரம் ஸ்டியரிங் பக்கம். மீதி நேரத்துக்கு, கியரையும் ஹேண்ட்பிரேக்கையும் தாண்டி, கூரையில் தலை இடிக்காமல் குனிந்து, பக்கத்து சீட்டுக்கு மாற வேண்டும். அண்ணி ஒல்லியான ஆள் இல்லை. ஒவ்வொரு காருக்கும் ஒரு முறை அந்தத் தாண்டல். முழங்காலுக்குக் கீழே எப்போதும் கன்றிப்போய் இருந்தது. தாண்டி உட்காரும்போது உடம்பு முழுக்கத் தொப்பலாக நனைந்திருக்கும், வேர்வையில்.

புதுக் கூரையில் பக்கத்து சீட்டுக்குப் பின்னால் ஒரு மடிப்பு வைத்திருந்தார்கள். தண்ணீர் அதில் சேர்ந்து நின்று, நிறைந்ததும் இறங்கியது. அந்த ஒரு காரில் அது இறங்கிய சமயம், அண்ணி மூச்சு வாங்கத் தாண்டி வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். கழுத்தைத் துடைத்தாள். கட்டைவிரலைக் காட்டினாள்.

அந்தக் கார் மழை பெய்கிற வேறு ஏதோ ஊருக்குப் போனது. கார்களைப் பற்றிப் பேசியே பெயர் வாங்கிய ஒரு பெரிய மனிதர் வெள்ளை பேன்ட் போட்டுக்கொண்டு வந்து, கேமரா முன்னால் அதன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். "இந்த விலைக்கு இப்படி ஒரு கார்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். முகம் ஒரு மாதிரி ஆனது. இறங்கித் திரும்பி நின்றார். பேன்ட்டின் பின்பக்கம் முழுக்க ஈரம். உலகமே அதைப் போனில் பார்த்துச் சிரித்தது.

"இந்த விலைக்கு குளியலும் சேத்துத் தராங்கன்னு சொல்லியிருக்கலாம் அந்தாளு" என்று தங்கையும் சிரித்தாள். அந்தக் கார் எப்போது தயாரானது என்று அண்ணி கணக்குப் போட்டுப் பார்க்கும் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

*

சாயங்காலம் அண்ணன் பேக்கரியிலிருந்து வந்தான். அடுப்பு வேலை. எத்தனை முறை குளித்தாலும் அவன் முழங்கை மயிரில் மாவு ஒட்டியிருக்கும். விற்க முடியாத, ஓரம் கருகிய ரொட்டிகளை ஒரு பையில் கொண்டுவருவான். உருளைக்கிழங்கும் வெங்காயமும் வதக்கி, அந்த ரொட்டியோடு சாப்பிடுவது இந்த வீட்டு வழக்கம். கருகின இடத்தைக் கத்தியால் சுரண்டுவது தங்கையின் வேலை. அவள் சுரண்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

வந்தவர் மழை ரூம் சூப்பர்வைசர். சட்டை நனையக் கூடாது என்று கொட்டகைக்குள்ளேயே குடையோடு சுற்றுகிறவர் என்பதால் ஆட்களுக்கு அவர் 'குடை'. இப்போதும் கையில் குடை இருந்தது.

"வெளிய ஒரு பொட்டு மேகம் இல்லையே சார், குடை எதுக்கு?" என்றாள் தங்கை.

"கை பழகிடுச்சும்மா. இல்லன்னா எதையோ தொலச்ச மாதிரி இருக்கு."

"ஆளுங்களத் தொலச்சாதான் ஒண்ணும் தெரியாது போல."

"சும்மா இரு" என்றான் அண்ணன். "உக்காருங்க சார்."

முன்னறையில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். குடை ஒன்றில் உட்கார்ந்தார். அண்ணன் ஒன்றில். மூன்றாவதில் அண்ணியும் உட்காரவில்லை, தங்கையும் உட்காரவில்லை. அண்ணி டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை முட்டியின் மேல் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வந்திருக்காங்க. நேத்து மேனேஜர்கிட்ட கேட்டாங்க, மழை ரூம்ல கார்க்குள்ள எத்தனை பேர் உக்காருவாங்கன்னு. அவரு ரெண்டு பேருன்னு சொல்லிட்டாரு."

"ஏன் அப்படி சொன்னாரு?" என்றாள் அண்ணி.

"வாய்ல வந்துடுச்சு. ரெண்டு சீட்டு, ரெண்டு ஆளு. கேக்கறப்ப அப்படித்தான வரும்?"

"ஓ! கேக்கறப்ப மட்டும் வருமா?" என்றாள் தங்கை.

குடை அதைக் காதில் வாங்காத மாதிரி இன்னொரு வாய் குடித்தார். "ஒருத்தர் இந்த அம்மா. கட்டைவிரலக் காட்டினது இவங்கதான், அது எல்லாருக்கும் தெரியும். இன்னொருத்தர் யாருன்னு கேக்கறாங்க. தண்ணி விழுந்தது பக்கத்து சீட்லதான? அந்த சீட்டுல யாரு இருந்தாங்க, அவங்க ஏன் கவனிக்கல, இதான் கேள்வி."

"யாரும் இல்லன்னு சொல்லுங்க."

"சொல்லலாம்மா. சொன்னா மேனேஜர் பொய் சொன்னாருன்னு ஆகும்."

"சொன்னதே பொய்தான சார்?"

"அவர் சொன்னது பொய் இல்லம்மா. கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் நிஜமா இருந்துச்சு இல்ல?" என்றார் குடை. சொல்லும்போது அவருக்கே அது நன்றாக இருந்ததாகத் தோன்றியது போல, முதல்முறையாக நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். "நான் சொல்ல வந்தது இதான். நீ அந்த சீட்டுல உக்காந்தவ. எல்லாருக்கும் தெரியும். நீ வேலைய விட்டு நின்ன தேதிய ஒண்ணும் யாரும் தோண்டப் போறதில்ல. அந்தக் கார் போனப்புறம்தான் நீ நின்னேன்னு வெச்சுக்கலாம்."

"வெச்சுக்கலாமா? என்னை எங்க வேணா தூக்கி வெச்சுக்க நான் என்ன பூந்தொட்டியா?"

"கோவப்படாம கேளும்மா. நாளைக்கு காலையில உனக்கு ஒரு போன் வரும். ஆமா, நான்தான் இருந்தேன், அன்னிக்கு கவனிக்கலன்னு ஒரு வார்த்தை. அதோட முடிஞ்சுது. உன்னை அதுக்காகத்தான் நிறுத்தினோம்னு அவங்க வெளியில சொல்லிடுவாங்க. இந்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. வேலையில இருப்பாங்க."

ரொட்டி சுரண்டிய கத்தி இன்னும் தங்கையின் கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

"ஒரு தடவை திருப்பிச் சொல்றேன் சார், சரியான்னு பாருங்க. அந்த சீட்டுக்கு ஆளே வேணாம்னு என்னை வீட்டுக்கு அனுப்பினீங்க. இப்ப அந்த சீட்டுல ஆள் இருந்துச்சு, அது நான்தான், உக்காந்து தூங்கிட்டேன்னு சொல்லணும். அப்படித்தான?"

"தூங்கினேன்னு யாரும்மா சொல்லச் சொன்னா? கவனிக்கலன்னா போதும்."

"அடேயப்பா. எவ்வளவு எறக்கம்!"

"நானும் உங்களை மாதிரி ஒரு கூலிக்காரன்தாம்மா. மேலேர்ந்து சொன்னத வந்து சொல்றேன்."

"மேலேர்ந்து தண்ணி வந்தாலே நான் கத்துவேன். தெரியும்ல?" என்றாள் தங்கை. குரல் உயர்ந்துவிட்டது. "திங்கக்கெழம பஸ் பாடி கட்டற ஒர்க்ஷாப்புல சேரப் போறேன். அங்கயும் இதே வேலைதான், பஸ் கூரை ஒழுகுதான்னு பாக்கறது. அந்த ஒர்க்ஷாப்பு ஓனரம்மா என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. அங்க உன்னை எதுக்கு நிறுத்தினாங்கன்னு. ஆளக் கொறச்சாங்கன்னு சொன்னேன். நல்ல வேளை, தப்பு பண்ணி வரலையேன்னு சொல்லி சேத்துக்கிட்டாங்க. இப்ப நீங்க போய் ஊரெல்லாம், அந்தப் பொண்ணு மேல தண்ணி ஊத்தினாலும் தெரியாதுன்னு சொல்லுவீங்க. அப்புறம் எந்த பஸ் கம்பெனிக்காரன் என்னை உள்ள விடுவான்?"

"பஸ்காரங்க இதையெல்லாமா பாத்துக்கிட்டிருப்பாங்க?"

"ஊரே பாத்து சிரிச்சது. அவங்களுக்கு மட்டும் கண்ணு இல்லையா?"

குடை அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க தம்பி. இவங்க ஏற்கெனவே வெளிய வந்துட்டாங்க. போனது போனதுதான். இருக்கறவங்களையாவது காப்பாத்தலாமே. இல்லன்னா நாளைக்கே இந்த அம்மா தனியாத்தான் இருந்தாங்க, இவங்க தப்புதான்னு முடிச்சிடுவாங்க. ரெண்டு பேரும் வீட்ல. அப்ப என்ன பண்ணுவீங்க?"

அண்ணன் மாவு படிந்த முழங்கையைத் தேய்த்தான். வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்ல வந்தான் என்று தெரிவதற்கு முன் அண்ணி முன்னால் வந்து குடையின் முட்டியிலிருந்து டீ டம்ளரை எடுத்துக்கொண்டாள். பாதி டீ மிச்சம் இருந்தது.

"எழுந்திரிங்க சார்."

"இரும்மா, நான்..."

"எழுந்திரிங்கன்னேன். என் வீட்டுல, என் நாத்தனார என் கண்ணு முன்னாடியே வித்துட்டுப் போலாம்னு வந்தீங்களா? அவ இருந்திருந்தா அந்தத் தண்ணி வெளிய போயிருக்குமா? உங்களுக்கே தெரியாதா? சொட்டு விழறதுக்கு முன்னாடியே கத்தற பொண்ணு. அவ கத்தி எத்தனை காரத் திருப்பி அனுப்பினோம்! அப்பல்லாம் என்ன சொன்னீங்க? தவளையால லைன் நிக்குதுன்னு பல்லக் கடிச்சீங்க. அவளத் தூக்கிட்டு என்னை ஒருத்திய ரெண்டு சீட்டுக்கும் தாண்ட விட்டீங்க. இந்தக் காலப் பாருங்க." சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கன்றிப்போன கெண்டைக்காலைக் காட்டினாள். குடை தலையைத் திருப்பிக்கொண்டார். "பாக்க முடியல இல்ல? ரெண்டு சீட்டுன்னு எண்ணத் தெரிஞ்ச மேனேஜருக்கு, ரெண்டு ஆளுன்னு எண்ண மட்டும் இப்பத்தான் வருதா? போங்க. போய் அந்த சீட்டுல மேனேஜர் உக்காந்திருந்தாருன்னு சொல்லுங்க. அவருதான் அந்த இடத்தக் காலி பண்ணினவரு."

குடை எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "காலையில வேன் வர்ற வரைக்கும் டைம் இருக்கு. நல்லா யோசிங்க. நான் உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றார். தெருவில் இறங்கியதும், வெயில் போய்விட்ட அந்த நேரத்தில், குடையை விரித்துக்கொண்டு நடந்தார். ஜன்னலில் இருந்து பார்த்த தங்கைக்குச் சிரிப்பு வந்தது. ஜன்னல் கட்டையில் இருந்த கத்தியை எடுத்துக்கொண்டு மறுபடி ரொட்டியைச் சுரண்டப் போனாள்.

*

"ஒரு வார்த்தைதான?" என்றான் அண்ணன், ரொட்டித் தட்டுகளை முன்னால் வைத்ததும்.

"என்ன ஒரு வார்த்தை?" என்றாள் தங்கை.

"இல்ல, நீ எப்படியும் வெளியதான இருக்க..."

"அதனால? கீழ விழுந்தவ மேல இன்னொரு மூட்டையப் போட்டா வலிக்காதா அண்ணா?"

"நான் அப்படி சொல்லல."

"வேற எப்படி சொல்ற? சொல்லு, கேக்கறேன்."

அண்ணன் ரொட்டியைப் பிய்த்தான். "பேக்கரியில புது அடுப்பு வாங்கப் போறாங்களாம். தானா திருப்பிக்கிற அடுப்பு. இன்னும் எத்தனை நாளைக்கு என்னை வெச்சுப்பாங்கன்னு தெரியல. இவளும் வீட்டுல உக்காந்துட்டா..."

"திங்கக்கெழமலேர்ந்து நான் போறேனே. அது வேலை இல்லையா? அதையும் கெடுத்துக்கன்னுதான சொல்ற? நான் தப்பு பண்ணியிருந்தா, வேற யாரும் கேக்க வேணாம், நானே போய் நின்னிருப்பேன். நான் அந்தக் கொட்டகையிலயே இல்ல. வீட்டுல உன் சட்டைய அயர்ன் பண்ணிக்கிட்டிருந்திருப்பேன் அப்ப. இல்லாத எடத்துல இருந்தேன்னு, செய்யாத தப்ப செஞ்சேன்னு, போன்ல ஆமாங்க ஆமாங்கன்னு தலையாட்டணுமா? எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான் அண்ணா. தண்ணி பட்டா எனக்குத் தெரியும். அந்தப் பேர வெச்சுதான் இன்னொரு எடத்துல சோறு கெடைக்கப் போகுது."

"உங்களுக்கு வாய் எதுக்கு இருக்கு?" என்று அண்ணி புருஷனிடம் சீறினாள். "திங்கறதுக்குத்தான? தின்னுங்க. இந்தப் பேச்ச இன்னொரு தடவ எடுத்தீங்கன்னா இந்தத் தட்டு இருக்காது."

அண்ணன் தின்றான். உருளைக்கிழங்கில் உப்பு கூடியிருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. மின்விசிறி சூடான காற்றையே சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ டிவியில் அந்தக் கார் விளம்பரத்தை வைத்திருந்தார்கள். கடல் இரைச்சலும், ஒரு பெண் சிரிக்கிற சத்தமும் சுவர் வழியாக வந்தன.

*

விடிவதற்கு முன்பே அண்ணன் பேக்கரிக்குப் போய்விட்டான். தங்கை எழுந்தபோது அண்ணி ஏற்கெனவே அடுப்படியில் இருந்தாள். கம்பெனி கொடுத்த நீல மேல்சட்டையைச் சேலையின் மேல் போட்டுக்கொண்டு, கண்ணாடி இல்லாமலே கொண்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். டீ கொதித்து அடிப்பிடித்த வாசனை. முந்தைய நாள் ரொட்டியைத் தோசைக்கல்லில் போட்டுச் சூடாக்கியிருந்தாள்.

"தூங்கினீங்களா அண்ணி?"

"எங்க? இந்த வெக்கையில."

"இன்னிக்கு அவங்க முன்னாடி என்ன சொல்லப் போறீங்க?"

"என்ன சொல்றது? உள்ளதச் சொல்றேன். ரெண்டு சீட்டு, நான் ஒருத்தி. குரங்கு மாதிரி அங்கயும் இங்கயும் தாவினேன். ஈரம் பட்டுச்சு, வேர்வைன்னு நெனச்சேன்."

"குரங்குன்னு சொல்லாதீங்க. அத எழுதிக்கிட்டு சிரிப்பானுங்க."

"சரி, பூனைன்னு சொல்றேன்."

"இந்த உடம்ப வெச்சுக்கிட்டு பூனைன்னா அதுக்கும் சிரிப்பானுங்க."

அண்ணி கரண்டியை ஓங்கினாள். தங்கை தள்ளிப் போனாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு தங்கை ஹெட் ஆபீஸ்காரனாக நின்று, மூக்கை உயர்த்தி, "அந்த சீட்டுல யாரும்மா இருந்தா?" என்று கேட்டாள். அண்ணி நிமிர்ந்து நின்று, "காத்து சார். அந்த சீட்டுல காத்துதான் இருந்துச்சு. அத உக்கார வெச்சது நீங்கதான்" என்றாள்.

"அய்யோ, இத அப்படியே சொல்லுங்க அண்ணி. ஒரு எழுத்து மாத்தாதீங்க. அந்தக் குடையோட மூஞ்சி எப்படி ஆகுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லணும். நானும் எனக்கு போன் வந்தா இதையேதான் சொல்லப் போறேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னா என்ன பண்ணுவான்?"

அண்ணி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அது ஏற்கெனவே திருப்பிப் போட்டதுதான்.

தங்கை டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினாள். அவளுக்கு மனசு லேசாக இருந்தது. இத்தனை நாள் இரவில் விழித்து விழித்துக் கோபப்பட்டதற்கு இன்றைக்கு ஒரு வாய் கிடைக்கப் போகிறது என்று தோன்றியது. தன்னை அனுப்பியது தப்பு என்று அந்தக் கொட்டகையிலேயே, அவர்கள் முகத்துக்கு நேராக ஒருத்தி சொல்லப் போகிறாள். வேலை போனால் போகட்டும். பஸ் ஒர்க்ஷாப்பில் அண்ணிக்கும் கேட்டுப் பார்க்கலாம். இரண்டு பேரும் பஸ்ஸுக்குள் உட்காரலாம். பஸ்ஸில் எத்தனை சீட்! அதையெல்லாம் தாண்டச் சொன்னால் அண்ணி செத்தாள். அதை நினைத்து அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

தெரு முனையில் வேனின் ஹாரன் கேட்டது. அண்ணி ரொட்டியைச் சாப்பிடாமல் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். வாசலுக்குப் போய்க் கம்பெனி ஷூவில் ஒரு காலை நுழைத்தாள். மற்றதைக் கையில் எடுத்தவள் போட்டுக்கொள்ளாமல், அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நேத்து அந்தாள விரட்டினேன் இல்ல?"

"சூப்பரா விரட்டினீங்க."

"நிஜமாத்தான்டி விரட்டினேன். நடிக்கல."

"யாரு நடிச்சீங்கன்னு சொன்னா?"

"இப்பவும் அவன் மேல அவ்வளவு கோவம் இருக்கு. வந்து நின்னா அறைஞ்சிடுவேன்." ஷூவின் உள்ளே விரலை விட்டு எதையோ துழாவினாள். உள்ளே ஒன்றும் இல்லை. "உங்கண்ணன் ராத்திரி தூக்கத்துல பேசறாரு. அடுப்பு, அடுப்புங்கறாரு. நான் படுத்துக்கிட்டு மேல சுத்தற ஃபேனப் பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு இந்த வயசுல புதுசா யாரும்மா வேலை குடுப்பா? தண்ணி ஒழுகின கார அனுப்பினவன்னு ஒரு தடவ பேர் வந்துடுச்சுன்னா? உனக்கு இன்னும் வயசு இருக்கு. எங்கயாவது தொத்திக்குவ. உன்னை எவனும் ரொம்ப நாளு வெளிய நிறுத்தி வெக்க முடியாது."

தங்கை கையில் இருந்த டம்ளர் சுட்டது. அவள் கீழே வைக்கவில்லை.

"அண்ணி, என்ன சொல்றீங்க?"

வேன் இரண்டாவது முறை ஹாரன் அடித்தது. யாரோ உள்ளே இருந்து அண்ணியைக் கூப்பிட்டார்கள். அவள் "வரேன், வரேன்" என்று தெருவைப் பார்த்துக் கத்திவிட்டுக் குனிந்து ஷூவை மாட்டினாள். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. குனிந்ததாலா என்று சொல்ல முடியாது. மழை ரூமில் தண்ணீர் இரைச்சலுக்கு நடுவே பேசுகிற மாதிரி தங்கையின் காதருகே வந்தாள். இங்கே இரைச்சல் எதுவும் இல்லை.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்டி. பொய் உன் வாயில வர வேணாம். அந்த சீட்டுல இருந்தது நீதான்னு நானே சொல்லிக்கறேன், என் வாயிலயே வரட்டும், அந்தப் பாவம் எனக்கே இருக்கட்டும். உனக்கு போன் அடிச்சா எடுக்காம மட்டும் இரு. கண்ணு, எடுக்காம இருப்பியா?"